நாற்பத்திரண்டு புள்ளி ஆறு காட்டும் உப்பு

இதில் எதையும் நான் என் கண்ணால் பார்க்கவில்லை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மரகதவல்லி சொன்னது. அவளும் அப்போது ஊரில் இல்லை, நர்சிங் கடைசி வருஷத் தேர்வில் இருந்தாள். அவளுக்கு அவள் அம்மா சொன்னது. அந்த அம்மா இது நடந்த உப்பளத்திலேயே பதினாறு வருஷம் உப்பு வாரியவர். ஆகவே இது மூன்றாவது வாயிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான் என்பதால், எதை எழுதினாலும் யாராவது வந்து ஆதாரம் கேட்பார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. கேட்டதை விடாமலும் கேட்காததைச் சேர்க்காமலும் எழுதப் பார்க்கிறேன்.

ஊரின் பெயர் மணல்முடி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடு, நடுவில் கண் கூசும்படி வெள்ளையாக உப்பளம். அங்கே ஒரு மரம் இல்லை, ஒரு கூரை இல்லை, பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு தடுப்பு இல்லை, அதனால் விடியும்போது வேலைக்கு இறங்கும் பெண்கள் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்பதை ஒரு பழக்கமாகவே வைத்திருந்தார்கள். காலில் இரண்டு ஜோடி கிழிந்த சாக்ஸ், தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் உப்புத் தட்டு, உப்பு விளையும் பாத்தியிலிருந்து அதைக் குவிக்கும் தட்டுமேடுவரை ஒரு நடை, திரும்பி ஒரு நடை. இப்படித்தான் அவர்களுடைய அம்மாக்களும் நடந்தார்கள். அவர்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் கேட்டது ஓர் ஆராய்ச்சி நிலையம். மார்ச் மாதம் வெள்ளை வேனில் வந்தார்கள். வந்தவர்களில் பேசத் தெரிந்தவர் ஹரிகரன் என்ற இளைஞர். வெயிலில் வேலை செய்கிறவர்களின் உயிரணுவுக்குள், கக்கத்திலோ நாக்குக்கு அடியிலோ இல்லை, ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும், எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அளக்கப் போகிறோம் என்று அவர் சொன்னார்.

"அக்கா, ஒரு தலைமுடியை எடுத்து அதோட தடிமனை ஆயிரம் பங்கு போட்டா ஒரு பங்கு எவ்வளவு இருக்கும்? அவ்வளவுதான் இந்தத் துகள். கையில ஒரு ஊசி, அவ்வளவுதான். உள்ளே போய் உட்கார்ந்துக்கும். இந்தக் கருவி பச்சை வெளிச்சம் அடிக்கும், அது சிவப்பா பதில் சொல்லும். அந்தச் சிவப்பை வச்சு எத்தனை டிகிரின்னு இது காட்டும்."

"என்னத்துல செஞ்சது அது?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். முப்பத்தெட்டு வயது, அளத்திலேயே அதிக நடை நடப்பவள்.

"வைரம்க்கா. ரொம்பப் பொடிப் பொடியான வைரம்."

"பாத்தியளா, கழுத்துல போட வழியில்லாதவளுக்குக் கைக்குள்ள போடுதாவ," என்றாள் தங்கபுஷ்பத்தின் தங்கை அமிர்தகனி, அளத்திலிருந்த அறுபத்து நான்கு பெண்களும் சிரித்தார்கள், அறுபத்து நான்கு பேரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள் அல்லது ரேகை வைத்தார்கள், அறுபத்து நான்கு பேர் கையிலும் ஊசி ஏறியது. ஊசி போட்ட இடம் இரண்டு நாள் அரித்தது. பிறகு மறந்துபோனது.

டார்ச் லைட் அளவில் இருந்த அந்தக் கருவியை ஹரிகரன் கங்காணி செல்லத்துரையிடம் ஒப்படைத்தார். தினமும் உச்சிப்பொழுதில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் வைத்து எண்ணை எழுத வேண்டும். முப்பத்தொன்பதைத் தாண்டினால் அந்தப் பெண்ணை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும், அரைமணி நேரம் எழுப்பக் கூடாது. இதை அவர் மூன்று முறை சொன்னார். ஓர் அட்டையில் அச்சடித்துக் கருவியின் கழுத்தில் கயிற்றால் கட்டியும் விட்டார். எண்களை வாரம் ஒருமுறை அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். உட்கார நிழல் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பெண்களும் சொல்லவில்லை, விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள்.

செல்லத்துரையைக் கெட்டவர் என்று மரகதவல்லியின் அம்மா சொல்லவில்லை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் பந்தல்கால் ஊன்றுகிறவர். ஆனால் முப்பது வருஷம் குடைக்குக் கீழே நின்று பெண்களின் நடையை எண்ணியவர் கையில் ஓர் எண் காட்டும் கருவி வந்தால், அவருக்கு அது என்னவாகத் தெரியும்? முதல் நாள் அவர் முப்பத்தேழு காட்டிய ஒரு பெண்ணின் மணிக்கட்டையும் முப்பத்தெட்டரை காட்டிய தங்கபுஷ்பத்தின் மணிக்கட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துபோனது.

"இங்க பாருங்கட்டீ. வண்டி ஓடுனா எஞ்சின் சூடாவும். சூடாவாத வண்டி நிக்கிற வண்டி. இனிமே யாரும் என்னைய ஏமாத்த முடியாது."

"அட்டையில வேற என்னமோ போட்டிருக்கே அண்ணாச்சி," என்றாள் அமிர்தகனி.

"அது நோயாளிக்கு. நீ என்ன நோயாளியா?"

அன்றிலிருந்து முப்பத்தேழு காட்டியவர்களுக்கு இரண்டு நடை கூடுதல். முப்பத்தெட்டுக்கு ஒன்று. முப்பத்தொன்பதைத் தொட்டவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பாராட்டினார். இதைச் சொல்லும்போது மரகதவல்லியின் அம்மா அழுததாக அவள் சொன்னாள்: நாங்களும் அதை மார்க் என்றுதான் நினைத்தோம் என்றாராம். பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை உச்சிவெயிலில் வாங்கினார்கள். தங்கபுஷ்பம் எப்போதும் முதல். "ஏட்டி புஷ்பம், உன் முதுகுல அப்பளம் பொரிச்சிரலாம் போல," என்று கேலி செய்தார்கள். "நீ மாவு கொண்டா, நான் உக்காந்து தாரேன்," என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

மே பத்தொன்பதாம் தேதி உச்சியில் அவள் மணிக்கட்டு நாற்பது புள்ளி ஒன்று காட்டியது. நாற்பதை அதுவரை யாரும் தொட்டதில்லை. "பாத்துக்கிடுங்கட்டீ, இவ வேலைக்காரி," என்று செல்லத்துரை குடையைத் தூக்கிக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள். மூன்றாவது நடையில் வரப்பில் நின்றாள், யாரையோ தேடுகிறவள்போல இரண்டு பக்கமும் பார்த்தாள், கொதித்துக்கொண்டிருந்த பாத்திக்குள் முகம்குப்புற விழுந்தாள். பெண்கள் அவளைத் தூக்கி வரப்பில் போட்டபோது செல்லத்துரை ஓடிவந்து என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு மாதமாகக் கை பழகியிருந்ததால், கருவியை அவள் மணிக்கட்டில் வைத்தார். நாற்பத்திரண்டு புள்ளி ஆறு. "மெஷின் கெட்டுப்போச்சு," என்று சொல்லி அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி வைத்தார். நாற்பத்திரண்டு புள்ளி ஆறு.

ஆஸ்பத்திரி போகிற வழியில், லோடு ஆட்டோவில், தங்கை மடியில் அவள் உயிர் போனது. கங்காணி சொன்னதைக் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலர் மாரடைப்பு என்று பதிந்தார்.

விளைந்த உப்பைப் பாத்தியில் விட்டுவைக்க முடியாது. மறுநாள் அவள் விழுந்த பாத்தியை வாரினார்கள், அந்த உப்பைத் தட்டுமேட்டில் மற்ற உப்போடு கொட்டினார்கள், மூன்றாம் நாள் லாரி வந்தது.

எடைமேடையில் இருந்தவர் பெயர் ஐகோர்ட் துரை. காலி லாரி ஏறியபோது ஒன்பது டன் சரியாகக் காட்டிய மேடை, உப்பு ஏற்றிய லாரி ஏறியதும் நாற்பத்திரண்டு புள்ளி ஆறு காட்டியது. கிலோக் கணக்கைத் தவிர வேறொன்றும் அறியாத, வாழ்க்கையில் ஒரு புள்ளி போட்டிராத மேடை அது.

"ஏல, லாரியில என்ன இருக்கு, காத்தா?"

"பதினாறு டன் உப்பு அண்ணாச்சி. நீரே ஏறிப் பாரும்," என்றார் டிரைவர்.

ஐகோர்ட் துரை ஏறிப் பார்த்தார். கைப்பிடி உப்பை அள்ளிவந்து பக்கத்துக் கடையிலிருந்த சின்னத் தராசில் வைத்தார். நாற்பத்திரண்டு புள்ளி ஆறு. ஒரு சிட்டிகை வைத்தார். அதே. அவர் தராசின் முன்னால் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிறகு ரசீதில் "42.6 (அதாவது சுமார் பதினாறு டன்)" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பிவைத்தார். அது என்ன எண் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அதற்குள் ஊருக்கே தெரியும்.

எனக்கு இந்தக் கதையில் பொறுக்க முடியாமல் இருப்பது தராசு அல்ல. தராசு தன் வேலையைச் செய்தது. ஊர் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டது என்பதுதான்.

ஒரு வாரத்தில் மளிகைக் கடைக்காரர்கள் உப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றச் சாமானை நிறுக்கக் கற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் பையில் ஒரு கல் உப்பு இருந்தாலும் பருப்பும் புளியும் சேர்ந்து நாற்பத்திரண்டு புள்ளி ஆறு ஆகிவிடும். "உப்பைக் கீழ வச்சுட்டு நிறுங்க அண்ணாச்சி" என்பது, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்ப்பதைப்போல, கடையில் எல்லோரும் யோசிக்காமல் சொல்லும் வாக்கியமானது. கருவாட்டுக்காரிகள் கருவாட்டை உதறி உதறி நிறுத்தார்கள், முழுக்க உதிராததால் எண்ணிக்கையில் விற்கத் தொடங்கினார்கள். உப்பை மறுபடி படியில் அளந்தார்கள். அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுகிறவர்கள், கோயில் வாசலில் ஒரு தராசை வைத்து, எண் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொட்டினார்கள், வந்தால் வேண்டுதல் ஏற்கப்பட்டது என்றார்கள், எப்போதும் வந்தது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் மனித உடம்பின் இயல்பான வெப்பம் எவ்வளவு என்று கேட்டபோது வகுப்பு முழுவதும் ஒரே குரலில் நாற்பத்திரண்டு புள்ளி ஆறு என்று சொன்னது; அவர் கோபப்படவில்லை, தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

சோற்றிலும் குழம்பிலும் கரைந்தபின் தராசு பேசாமல் இருந்தது. அதனால் கரைந்ததும் போய்விடுகிறது என்று நினைத்தார்கள். நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அரசாங்கமும் பழகிக்கொண்டது. எடை அளவுத் துறையிலிருந்து ஓர் அதிகாரி முத்திரை போட்ட எடைக்கற்களோடு வந்தார். கல்லை வைத்தார், சரி. உப்பை வைத்தார், நாற்பத்திரண்டு புள்ளி ஆறு. மறுபடி கல்லை வைத்தார், சரி. தராசில் குறையில்லை, உப்பில் குறையிருந்தால் அது உணவுத் துறையைச் சேர்ந்தது என்று அறிக்கை எழுதிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். உணவுத் துறை மாதிரி எடுத்து அனுப்பியது. சோடியம் குளோரைடு உரிய அளவில் உள்ளது, எடை பற்றி எங்களிடம் கேட்கப்படவில்லை என்று பதில் வந்தது. இரண்டு அறிக்கையும் பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

செல்லத்துரையும் பழகிக்கொண்டார். புஷ்பத்தின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டவர் அவர்தான். மறுநாள் உச்சியில் கருவியோடு வந்து, கண் கலங்க, "நாப்பதோட நிப்பாட்டிக்கிடுங்கட்டீ, அதுக்கு மேல வேண்டாம்," என்றார். எண்ணும் முறையை அவர் மாற்றவில்லை. எல்லையை மட்டும் ஒன்று கூட்டியிருந்தார்.

எல்லாரையும்விட நன்றாகப் பழகிக்கொண்டவர் அளத்தின் முதலாளி தனபாலன். முதல் மாதம் அவர் உப்பை வெளியூர் வியாபாரிகள் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் மாதம், வேறு அளத்து உப்பை அவர் சாக்கில் அடைத்து விற்றவன் ஒருவன், தராசு கிலோவைச் சரியாகக் காட்டியதால் மாட்டிக்கொண்டான். அதைக் கேட்டதும் தனபாலனுக்கு ஒன்று தோன்றியது. ஜூலையில் புது பாக்கெட் வந்தது, நீல நிறத்தில், நடுவில் பெரிதாக 42.6 என்று போட்டு, கீழே: "அசல் மணல்முடி உப்பு. தராசில் வைத்துப் பாருங்கள்!" ஊரில் எல்லோர் வீட்டிலும் அந்த பாக்கெட் இருந்தது. இறந்தவள் வீட்டிலும் ஒன்றை முதலாளி இலவசமாகக் கொடுத்தனுப்பினார்.

அந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டுதான் அமிர்தகனி கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். அக்காளின் இறப்புச் சான்றிதழை அவள் அதுவரை வாங்கவில்லை. மாரடைப்பு என்று எழுதிய தாளைத் தொட மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சொல்லை அடித்துவிட்டு, வெயிலில் வேலை வாங்கியதால் உடம்பு கொதித்துச் செத்தாள் என்று எழுத வேண்டும்.

அலுவலர் நல்லவிதமாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதாம்மா? ஊருக்கே தெரியும். என் வீட்டுத் தராசும் அதைத்தான் காட்டுது. ஆனா எழுதுறதுக்கு ஆதாரம் வேணும்."

"ஊருக்கே தெரியுது, அதை விட ஆதாரம் என்ன சார்?"

"தராசு காட்டுறது எடைம்மா. நீ சொல்றது காய்ச்சல். எடையை வச்சு நான் எப்படிக் காய்ச்சல்னு எழுத?"

"அப்ப முதலாளி பாக்கெட்டுல எதை வச்சு எழுதுனாரு?"

"அது வியாபாரம்."

அவள் பாக்கெட்டை மேசைமேல் வைத்தாள். "சார், இது எடையும் இல்ல, காய்ச்சலும் இல்ல, வியாபாரமும் இல்ல. எங்கக்கா. அவ கடேசியா சொன்னது இது. எல்லாரும் வாயில போட்டுக்கிட்டீய. ஒருத்தராவது எழுதக் கூடாதா?"

அலுவலர் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஊசி போட்ட நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால், கருவி அன்றைக்கு என்ன காட்டியது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், தான் மேலே அனுப்புவதாகச் சொன்னார். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆய்வு முடிந்து, கருவியைத் திரும்ப வாங்க ஹரிகரன் வந்தார். தனபாலன் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. சாம்பார், ரசம், தயிர்சாதம், உப்பில் ஊறிய மாவடு. சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி அவரும் முதலாளியும் செல்லத்துரையும் உப்பளத்துக்கு வந்தபோது, அறுபத்து மூன்று பெண்களும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் நின்றார்கள். யாரும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. நின்றார்கள்.

"தம்பி, எங்கக்கா செத்த அன்னைக்கு மெஷின் என்ன காட்டிச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க," என்றாள் அமிர்தகனி.

ஹரிகரன் செல்லத்துரையைப் பார்த்தார். "அது கெட்டுப்போன மெஷின்லா," என்றார் செல்லத்துரை.

"கெட்டுப்போன மெஷினை அதுக்கு அப்புறமும் ரெண்டு மாசம் எங்க கையில வச்சு எழுதுனீரே வே," என்றாள் அவள். "அதெல்லாம் சரியான எண்ணா?"

ஹரிகரன் கருவியை வாங்கி, கழுத்தில் தொங்கிய அட்டையைப் புரட்டிப் பார்த்தார். எழுத்து அழியாமல் புதிதாக இருந்தது. அவர் அமிர்தகனியின் மணிக்கட்டில் வைத்தார். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. இன்னொரு பெண்ணின் கையில் வைத்தார், முப்பத்தெட்டு. "நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "துகள் இல்லாத கையில வச்சா ஒண்ணும் காட்டக் கூடாது. அதையும் பார்த்திருவோம்." துகள் இல்லாத கை என்று அவருக்கு முதலில் கிடைத்தது அவர் கையே. சட்டைக் கையை மடித்துவிட்டு, பச்சை வெளிச்சத்தை மணிக்கட்டில் பிடித்தார்.

நாற்பத்திரண்டு புள்ளி ஆறு.

அவர் மணிக்கட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி வைத்தார். அதே. கருவியைச் செல்லத்துரையின் கையில் வைத்தார். நாற்பத்திரண்டு புள்ளி ஆறு. முதலாளி கையை இழுத்துக்கொள்வதற்குள் அமிர்தகனி அதைப் பிடித்து நீட்டிக் கொடுத்தாள், முப்பது வருஷத்தில் அந்த அளத்தில் ஒரு பெண் முதலாளியைத் தொட்டது அப்போதுதான். நாற்பத்திரண்டு புள்ளி ஆறு. லாரி டிரைவர் தானாக வந்து நீட்டினார். தேநீர் கொண்டுவந்தவர் நீட்டினார். எடைமேடையிலிருந்து ஐகோர்ட் துரை வந்து கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் கையில் அவரவர் சூடு வந்தது. போட்டுக்கொள்ளாத ஊரின் கையிலெல்லாம் அவள் சூடு வந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. ஒருவருக்கும் வியர்க்கக்கூட இல்லை.

"கரைஞ்சு போச்சுன்னு நெனச்சோம்," என்றார் ஐகோர்ட் துரை.

"எங்கேயும் போவல," என்றாள் அமிர்தகனி. "இருக்குத இடம் மாறியிருக்கா." பிறகு ஹரிகரனிடம் திரும்பினாள். "தம்பி, இப்ப அவ உங்களுக்குள்ளயும் இருக்கா. இப்பமாவது எழுதுங்க."

ஹரிகரன் கெட்டவர் இல்லை என்று மரகதவல்லியின் அம்மா அவரையும் சொன்னாராம். அவர் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கருவியை நிறுத்திப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"அக்கா, நான் தனியா எழுதித் தர முடியாது. அந்த அளவெல்லாம் நிலையத்துக்குச் சொந்தம். எல்லாரும் படிவத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க."

"நம்பர் உங்களுது, சரி. அவ செத்தது யாரோடது?"

அவர், ஆய்வுக் கட்டுரை வெளிவரும், உலகத்தில் யாரும் படிக்கலாம், நடந்தது எல்லாம் அதில் இருக்கும், அச்சில் வந்தபின் எந்த அதிகாரியும் மறுக்க முடியாது, அதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னார். சத்தியமாக வரும் என்று தன் மணிக்கட்டின்மேல் கையை வைத்துச் சொன்னார். பெண்கள் நம்பினார்கள். நானும், இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நம்பினேன். அச்சில் வருவதை நம்பித்தானே என்னைப் படிக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த உப்பளத்தில் ஒரே ஒரு மாற்றம் வந்தது. பெண்கள் தாங்களாகவே நான்கு பனங்கட்டையும் இரண்டு பழைய சேலையும் கொண்டுவந்து வரப்போரம் ஒரு மறைப்புக் கட்டினார்கள். அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கிறார்கள். செல்லத்துரை அதைப் பார்க்காததுபோலக் குடையைத் திருப்பிக்கொண்டார். முதலாளி பாக்கெட்டில் அந்த எண்ணை எடுக்கவில்லை. நன்றாகப் போகிற சரக்கு. அலுவலரின் மேசை இழுப்பறையில் சான்றிதழ் இன்னும் கிடக்கிறது. மாதம் ஒருமுறை அவர் சொல்லியனுப்புகிறார், மாதம் ஒருமுறை அமிர்தகனி போகாமல் இருக்கிறாள். மரகதவல்லி ஊருக்குப் பேசும்போதெல்லாம் அமிர்தகனி போனை வாங்கி ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஏட்டி, கட்டுரை வந்துட்டா?"

மரகதவல்லிக்கு எங்கே தேடுவதென்று தெரியாததால் என்னிடம் கேட்டாள். நான் வேலை பார்க்கும் கல்லூரியின் நூலகம் வழியாக இந்த மாதம் அதைக் கண்டுபிடித்தேன். பதினொரு பக்கம். தவறாகப் புரிந்துகொண்டிருப்பேனோ என்ற பயத்தில் நான்கு முறை படித்தேன், அட்டவணைகளை விரல் வைத்துப் பார்த்தேன், புரியாத இடங்களை எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டிக் கேட்டேன். நான் படித்தது சரிதான் என்றார். ஐந்தாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இப்படி இருக்கிறது: ஆய்வில் சேர்ந்த பெண்கள் அறுபத்து நான்கு பேர், நிறைவு செய்தவர்கள் அறுபத்து மூன்று பேர், ஒருவர் மே பத்தொன்பதாம் தேதி தம் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டார்.